தர்மவான் டாக்குத்தர் அம்புறோஸ்

"சீச்சீ, எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார் டாக்குத்தர் அம்புறோஸ். கண்ணாடிக்குள் இருப்பவர் விடுவதாயில்லை. இன்னொரு தரம் ஆட்டுகிறார். கை 'போ' என்கிறது. கழுத்தோ தன்பாட்டில் முன்னால் வந்து குனிந்துவிடுகிறது. மாலை போடுகிறவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

"இஞ்சரப்பா, கைக்குச் சொன்னதைக் கழுத்துக்கும் ஒருக்காச் சொல்லி வையுங்கோ," என்கிறாள் கோப்பியோடு வரும் மனைவி டொரதி. அன்று எங்கோ ஒரு கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கண்டி வாவிக்கரையில் இருக்கும் அந்த வீட்டில் கூட்டமில்லாத நாட்கள் குறைவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் ஊன்றிய மனிதர். ஒரு காலத்தில் நல்ல வைத்தியர். கம்பளையிலிருந்தெல்லாம் கோச்சி வண்டி ஏறி வந்து அவரிடம் நாக்கை நீட்டுவார்கள். ஆனாலும் நோயாளிகள் மேல் அவருக்கு ஒரு மனக்குறை. "சுகம் வந்தால் மாதாவுக்கு மெழுகுதிரி. செத்தால் எனக்கு ஏச்சு. இதுக்கு நடுவில நான் ஆர்?" என்பார். ஒருநாள் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போனபோது வலது கை நடுங்கியது. மறுநாளும் நடுங்கியது. டொரதியின் தமையன் பிள்ளையில்லாமல் இறந்து, அவருடைய தேயிலைக் காணி இவர்களைத் தேடி வந்ததும் அதே வருடத்தில்தான். டாக்குத்தர் தம் பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். இனி ஏழைகளுக்காகவே வாழப் போவதாகப் பத்திரிகைக்காரரை அழைத்துச் சொன்னார். நடுக்கத்தைப் பற்றிச் சொல்ல மறந்துபோனார். ஊசி பிடிக்க நடுங்கிய கை, நாடா வெட்டக் கத்தரிக்கோல் பிடித்தபோது கல்லுப் போல நின்றது.

அதன் பிறகு ஊருக்கு நற்காலம். சந்தியில் குடிதண்ணீர்க் குழாய் வைத்தார். அவர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லுக்குப் பின்னால் குழாயைக் கொஞ்சம் தேடவேண்டும், அவ்வளவுதான். மடுல்கெல்லத் தோட்டத்துச் சனங்களுக்குக் கம்பளி கொடுத்தார். படம் பிடிக்கிறவர் பிந்தி வந்ததால், வாங்கிய கம்பளிகளைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி வரிசையில் நின்று வாங்கினார்கள். மலைக் குளிருக்கு நல்ல தேகாப்பியாசம்.

இவற்றுக்கெல்லாம் மகுடம், பிலிமத்தலாவையில் பெருந்தெருவோடு கட்டிய இலவச வைத்தியசாலை. கட்டில் வந்தது, மருந்து வந்தது, மருந்து கலக்க லாபிர் என்ற கண்டிக்காரரும் வந்தார். திறந்து வைக்க வேண்டிய துரைசாணிதான் வரவில்லை. பெரிய தோட்டமொன்றின் துரையுடைய மனைவி, சீமைக்குப் போயிருந்தாள். வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடாவைக் கட்டிவைத்துக்கொண்டு டாக்குத்தர் காத்திருந்தார்.

துரைசாணி வருவதற்கு முந்தி மலேரியா வந்துவிட்டது. அந்த வருடம் மழை பொய்த்து, ஆறு குட்டை குட்டையாய்த் தேங்கி, நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு காய்ச்சல். முப்பத்து நாலாம் ஆண்டு மார்கழியை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். நாடா வெயிலில் வெளுத்துவிட்டதா என்று பார்க்க டாக்குத்தர் காரில் போனார். டொரதியும் கூடப் போனாள். வைத்தியசாலை முற்றத்தில் சனம் பாயும் சாக்குமாய்ச் சுருண்டு கிடந்தது.

"உள்ளுக்கு மருந்து ஈக்கிது, வெளியில ஆக்கள் சாகுது. நான் என்னத்தச் செய்ய, டாக்டர்?" என்றார் லாபிர். கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். நாடாவைத் தொட அவருக்கு அதிகாரமில்லை.

அப்போதுதான் பாப்பம்மா வந்தாள். தோட்டத்தை விட்டு வந்து, தெருவுக்குக் கல்லுடைப்பவள். தோளில் மகள்; அந்தப் பிள்ளையின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"ஐயா, இது ஆசுபத்திரிங்களா?"

"ஓம். ஆனால் இன்னும் திறக்கயில்லை."

"கதவு தொறந்துதானுங்களே இருக்கு?"

"நாடா இருக்குது, தெரியயில்லையோ?"

அவள் பார்த்தாள். கொடியில் காயும் சேலையை ஒதுக்குவது போல இடது கையால் நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். துரைசாணி அமர்வதற்காகப் பட்டு விரித்திருந்த கதிரைகள் இரண்டை இழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினாள்.

டாக்குத்தர் கண்டிக்கத்தான் உள்ளே போனார். பிள்ளையின் இமையை விரித்துப் பார்த்ததும் வந்த வேலை மறந்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது. விழுங்க முடியாது, கொயினா மருந்தை ஊசியில்தான் ஏற்ற வேண்டும்.

"லாபிர், நீர் போடும்."

"எனக்கு மருந்து கலக்கத்தான் தெரியும், டாக்டர். ஊசி போட ஏலாது."

டொரதி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். வாங்கினார். கை நடுங்கத் தொடங்கியது. முதல் குத்து வழுக்கி, தோலைக் கீறி இரத்தம் வந்தது. இத்தனை நாள் மேடையில் நின்ற மனிதரை இப்போது ஒரு கல்லுடைக்கிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் தாங்கவில்லை.

"பயப்படாதீங்க. நான் புடிச்சிக்கிறேன்," என்றாள் பாப்பம்மா.

பிள்ளைக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் பிடித்தது அவருடைய மணிக்கட்டை. சுத்தியல் பிடித்துக் காய்த்த கை அது. நடுக்கம் அதற்குள் அடங்கிப்போயிற்று. ஊசி இறங்கியது.

பிறகு அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். பாப்பம்மா மணிக்கட்டை விடவேயில்லை. டொரதி சேலையைச் செருகிக்கொண்டு வாந்தி அள்ளினாள். எல்லோரும் பிழைக்கவில்லை, துரைசாணிக்காகக் கட்டிய வரவேற்பு வளைவுக்குக் கீழே படுத்திருந்த ஒரு மனிதர் முறை வருமுன்னே போய்விட்டார். டாக்குத்தர் அவருடைய கண்களை மூடிவிட்டு, அந்த இடத்திலேயே நெடுநேரம் குந்தியிருந்தார். பாப்பம்மாவின் மகள் மறுநாள் கண் விழித்துப் பிளேன்டீ கேட்டாள்.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. சித்திரையில் துரைசாணி வந்தாள். நோயாளிகளைப் பின்கட்டுக்கு ஒதுக்கி, புது நாடா கட்டி, மாதக்கணக்காய்த் திறந்து கிடந்த வைத்தியசாலையைத் திறந்து வைத்தாள். "இன்று முதல் இந்த ஊரில் நோய்க்கு இடமில்லை," என்று டாக்குத்தர் முழங்கினார். "நோய்க்கு இத யாராச்சும் சொன்னீங்களா?" என்று லாபிர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். மார்கழியைப் பற்றி மேடையில் ஒரு பேச்சும் இல்லை.

கார்கள் போன பிறகு டாக்குத்தர் பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். பாப்பம்மா வாழையிலையில் அவித்த மரவள்ளிக் கிழங்கோடு வந்து நின்றாள். மேலே கொஞ்சம், மிளகாய் இடித்த கட்டச் சம்பல்.

"மகதாங்க பிடுங்குனா. சூடா இருக்குங்க."

பழக்க தோஷத்தில் அவர் கை சட்டைப்பைக்குள் போயிற்று.

"காசெல்லாம் வேணாங்க. சாப்புடுங்க."

கை சற்று நேரம் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு வெறுமனே வெளியே வந்தது. மேடையில் போர்த்திய, சம்பல் பட்டால் கறை போகாத பட்டுச் சால்வையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவள் முன்னே ஏந்தினார்.