விசிறிக் காற்றில் காய்ந்த ரப்பர்

2023 அக்டோபர் 25, புதன். எட்டே முக்காலுக்குப் பரிசோதனைக்கூடத்தைத் திறந்தேன். தராசில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அறை வெப்பநிலையைக் குறித்தேன். இரண்டு நாள் விடுப்பில் இருந்ததால் பதிவேட்டைப் புரட்டினேன்.

தஞ்சாவூரில் எங்கள் வேலை இதுதான்: ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ரசாயனக் கரைசலில் ஏழு நாள் ஊறவைத்து, எவ்வளவு உப்புகிறது என்று பார்ப்பது. இப்போது வந்திருந்தது, முதுகில் சுமந்து மருந்தடிக்கும் டேங்குக்கான குழாயின் உள்சுவர் ரப்பர். பதினாறாம் தேதி மூன்று துண்டுகளைப் பூச்சிமருந்துக் கரைசலில் நானே போட்டேன். எடுத்ததும் கழுவி, ஒற்றி, உடனே எடை போட வேண்டும். தாமதித்தால் ரப்பர் குடித்தது ஆவியாகி, கெட்ட ரப்பரும் நல்ல ரப்பராகிவிடும்.

ஏழாம் நாள் ஆயுத பூஜை. துண்டுகளைச் சரியான நேரத்துக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் தராசு பொட்டு வைத்துச் சாமி படத்தின் முன் இருந்திருக்கிறது. பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாதாம். துண்டுகளைத் தட்டில் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்தது 23, காலை 10.10. எடை போட்டது 24, காலை 11.40. கீழே 'மாற்றம் இல்லை, தேர்ச்சி' என்று எழுதி, என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார் பிரிவுத் தலைவர்.

போய்க் கேட்டேன். சிரித்தார்.

"ஈரத்தலையோட ஏறி நின்னு, எடை கூடிப்போச்சுன்னு அழுவீங்களா மேடம்? காய்ஞ்ச எடைதான் நிஜ எடை."

இருபது வருடம் இதே வேலை பார்த்தவர் பேசுகிற பேச்சா இது! திருவையாற்றுப் பக்கம் என் தம்பி இந்த மாதிரிக் குழாயில்தான் சம்பாவுக்கு மருந்தடிக்கிறான். உள்ளே ரப்பர் உப்பிப் பிளந்தால் மருந்து அவன் உடம்பில்தான் வழியும்.

"வயல்ல இருக்கறவன் குழாயை ஒரு நாள் ஃபேன்ல காயவெச்சிட்டா சார் மருந்தடிக்கிறான்?" என்றேன்.

சிரிப்பு நின்றது. சோதனைக்குக் கொடுத்த குழாய்க் கம்பெனிக்காரர் மதியம் வருவார், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். வந்தவரிடம், முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். இன்னும் ஒரு வாரமா, சீசனே போய்விடும் என்று அவர் குதித்தார். வேறு கூடத்துக்குப் போவேன் என்றார். தாராளமாகப் போங்க என்றேன். முணுமுணுத்தபடி மீதிக் குழாயை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.

பதிவேட்டுப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, 'எடை தாமதம், சோதனை செல்லாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஐந்து நிமிடம் தராசைக் கேட்டிருந்தால் எந்தச் சாமி மாட்டேன் என்றிருக்கும்? என் மேலும் கோபம்தான். ஏழாம் நாள் எந்த நாள் என்று பார்க்காமல் ஊறப்போட்டவள் நான்.

26 காலை, டீ குடிப்பதற்கு முன், அந்தக் குழாயிலிருந்து மூன்று துண்டுகள் வெட்டி, எடை போட்டுக் கரைசலில் இறக்கினேன்.