விரல் கோல் இருந்த திடல்

எங்கள் திடலில் கோல் விழுந்தால் கருவாட்டு வாடை அடிக்கும். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. செமிலிங் பக்கத்து மீன்காரர் ஒருவர் இனி எதற்கும் உதவாது என்று ஒதுக்கிப்போட்ட வலையைத்தான் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் கேட்டு வாங்கி, சைக்கிளில் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்து, கோல் கம்பங்களுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள்; பந்து போய் மோதி வலை ஒரு முறை உதறிக்கொண்டதும், வெயிலில் காய்ந்திருந்த உப்பும் செதிலும் கிளம்பி, கோலுக்குப் பின்னால் நிற்கும் எங்கள் மூக்கில் ஏறும். தொழிலாளர் லயத்துப் பூனைகள் ஒன்று பாக்கியில்லாமல் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் எங்களைக் "கருவாட்டு டீம்" என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும், பாதிப் பேர் தோற்றுப்போய்த்தான் லாரி ஏறினார்கள்.

இதையெல்லாம் சாவகாசமாக நினைத்துச் சிரிக்கும் மனநிலையில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். அந்தத் திடல் இருந்த இடத்தில் இப்போது கூரை போட்ட மேடையும் உயரமான விளக்குக் கம்பங்களுமாக ஓர் அரங்கம் நிற்கிறது. பட்டணத்துக் கால்பந்துக் குழு ஒன்று அதைத் தன் சொந்தத் திடல் என்று சொல்லிக்கொள்கிறது. வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு, திடலின் வரலாறு என்று மலாயில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். முதல் வரியிலேயே இந்த இடம் முன்பு "தானா கோசோங்" ஆக இருந்ததாம், அதாவது காலி நிலமாம். இரண்டாவது வரியில், பத்தொன்பது கனவான்கள் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்றதால் திடலுக்குப் "பத்தொன்பது" என்ற பெயர் வந்ததாம். அதோடு வரலாறு முடிந்து, விளக்குகளைத் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் தொடங்கிவிடுகின்றன.

யாரய்யா அந்தப் பத்தொன்பது கனவான்கள்? ஒருவர் பெயராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

பத்தொன்பது என்பது ஆள் கணக்கே அல்ல. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நின்ற ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர் உண்டு. "பத்தொம்பதாம் நம்பர் காடு" என்றால் கோயிலுக்குக் கீழே, பள்ளமாக, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் காடு. என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் வெட்டியது அங்கேதான். தண்ணீர் நின்று நின்று வேர் அழுகி, மரங்கள் பால் வற்றிப்போனதும், நிர்வாகம் வெட்டிச் சாய்த்துவிட்டு அடிக்கட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனது. மூன்றாம் வகுப்பில் படித்த எனக்குத் தெரிந்ததெல்லாம், அங்கே போனால் பாம்பு கடிக்கும், வீட்டில் அடி விழும் என்பதுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டோருக்கு முன்னால் பந்து விளையாடியவர்கள் கண்ணாடி ஜன்னலை உடைத்து, இனி தோட்டத்துக்குள் பந்தே கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். பந்துக்கு ஓர் இடம் கேட்டு மனு எழுதித் தரும்படி எங்கள் ஆட்கள் டிரெஸர் ஐயாவிடம் போனார்கள். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலத்தில் கடிதம் எழுத எங்களுக்கு வாய்த்த ஒரே ஆள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதி, கூடியிருந்தவர்களுக்குத் தமிழில் படித்தும் காட்டினார். பத்தொன்பதாம் நம்பர் இப்போது வெறும் காணியாகக் கிடக்கிறது, அதைத் தொழிலாளர்கள் பந்தடிக்கத் தயவுசெய்து கொடுங்கள் என்பது சாரம். எல்லாரும் தலையாட்டினார்கள். என் அம்மா மட்டும் ஆட்டவில்லை.

"வெறும் காணின்னு எப்படிங்கய்யா எழுதுறீங்க? நேத்து வரைக்கும் நான் பால் வெட்டுன காடுங்க அது."

டிரெஸர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடி எழுதினாத்தான் தருவினம், பிள்ளை. உண்மை எல்லாருக்கும் தெரியும்தானே."

அம்மாவும் வரிசையில் நின்று கட்டை விரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு வந்தார். மேனேஜர் மனுவைப் பார்த்துச் சரி என்றார். ஆனால் தோட்டத்து வண்டியும் கிடையாது, வேலை நேரத்தில் ஒரு நிமிடமும் கிடையாது, கட்டைகளை நீங்களே பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிடுங்கினார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "கட்டை இழுப்பு" நடந்தது. ஆண்கள் சுற்றிலும் தோண்டி, வேரை அறுத்து, சங்கிலி போட்டு முப்பது பேராகச் சேர்ந்து இழுப்பார்கள். பெண்கள் கோயில் மேட்டிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்து வந்து அந்தக் குழிகளை மூடுவார்கள். என்னைப் போன்ற பொடிசுகளுக்கு "வேர் பொறுக்குற" வேலை. ஆறு நாள் தோட்டத்துக்கு உழைத்துவிட்டு ஏழாவது நாளும் முதுகொடியப் பாடுபட்டார்கள், யாரும் சொல்லாமலே. இரண்டு மழைக்காலம் பிடித்தது. இதைத்தான் காலி நிலம் என்கிறார்கள்!

கடைசியாக மிச்சமிருந்த நாலைந்து கட்டைகளில் ஒன்று, சங்கிலி நழுவி, பின்னால் உருண்டு வந்து அம்மாவின் இடது காலில் ஏறியது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அம்மா கத்தவில்லை, கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், நான்தான் கத்தினேன். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியாது என்று டிரெஸர் ஐயா எடுத்துவிட்டார். துணியில் சுற்றி வைத்திருந்ததை என்ன செய்வது என்று அப்பா தயங்கி நின்றபோது அம்மா படுக்கையிலிருந்தே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அங்கேயே பொதைச்சிடுங்க. அந்த எடத்துல எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்."

அப்பா புதைத்த இடத்திலேயே பிறகு மேற்குப் பக்கத்துக் கோல் கம்பம் நடப்பட்டது. அன்றிலிருந்து அது "வெரலு கோல்". யார் வைத்த பெயரோ தெரியாது, தோட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டது. பாடாங் செராயிலிருந்தும் அவ்வளவு தூரம் பண்டார் பாருவிலிருந்தும் வந்த டீம்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். கோல் காக்கும் எங்கள் கோலி, ஆட்டம் தொடங்குமுன் அந்தக் கம்பத்தின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆபீஸ் கிராணிமார்களுக்குத் திடலோரம் நாற்காலி போடுவார்கள். ஆண்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். பெண்களுக்கு வெரலு கோலுக்குப் பின்னால்தான் இடம். அதாவது கருவாட்டு வாடையும் எங்களுக்கு, கோலை முதலில் பார்க்கும் உரிமையும் எங்களுக்கு. அந்தப் பக்கம் ஒரு கோலை விட்டுவிட்டால் கோலி திரும்பிப் பார்க்கவே மாட்டார், அம்மா நிற்பார் என்று தெரியும். "என் வெரலே தடுத்திருக்கும்டா அந்தப் பந்த" என்று அம்மா சொல்லும்போது பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பார்கள்.

பிறகு நடந்தது எல்லாத் தோட்டத்துக்கும் நடந்ததுதான். தோட்டம் கைமாறியது, கோயிலை மட்டும் விட்டுவிட்டு லயங்களை இடித்தார்கள், நாங்கள் சுங்கைப் பட்டாணி அடுக்குமாடிகளுக்குச் சிதறினோம். டிரெஸர் ஐயாவும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள். திடலை விரிவுபடுத்தியவர்கள் அதை வேறு திசைக்குத் திருப்பி அமைத்து, சுற்றிலும் வேலி போட்டார்கள்.

பலகையைப் படித்த மறுவாரமே அரங்கத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோட்டத்துப் பழைய கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். டிரெஸர் ஐயாவின் மனு. நீங்களே காலி நிலம் என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், பதிவில் இருப்பதைத்தான் நாங்கள் போட முடியும் என்றார். தலைப்பில் பெரிதாகப் பத்தொன்பது என்று இருந்தது. அதைப் பார்த்து ஆள் கணக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். கீழே உள்ள கைநாட்டுகளை எண்ணக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று. பக்கத்திலேயே டிரெஸர் ஐயாவின் அழகான கையெழுத்தில் பெயர்கள், பாதிக்கு மேல் பெண்கள். கனவான்களாம்! கடைசிக்கு முந்தைய வரிசையில் அம்மாவின் கட்டை விரல் இருந்தது.

எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. டிரெஸர் ஐயா மேலும் வந்தது, சொல்வதற்கென்ன. உண்மை எல்லாருக்கும் தெரியும் என்றார் அவர். அந்த எல்லாரும் இப்போது எங்கே? காகிதம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பெயர்களையாவது பலகையில் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பலகை அப்படியே இருக்கிறது.

போன மாதம் அம்மா தானாகவே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்றார். எண்பதைத் தாண்டிவிட்டார், இருந்தும் கம்பு ஊன்ற மாட்டார். நுழைந்ததும் நான் பலகைப் பக்கம் போகவிடாமல் வேகமாக நடத்திப் போனேன். புது வலை வெள்ளை வெளேரென்று தொங்கியது, ஒரு வாடையும் இல்லை. அம்மா அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ஜெராய் மலையைத் தேடினார். அன்றைக்கு வெரலு கோலில் நின்றால் மலையுச்சி, மேட்டில் இருக்கும் எங்கள் கோயிலின் கோபுரத்துக்கு நேர் மேலே தெரியும். மலையையும் கோபுரத்தையும் கண்ணால் ஒரு கோட்டில் கொண்டுவந்தபடி, பக்கவாட்டில் அடி அடியாக நகர்ந்து போய், பிரமுகர் மேடைப் படிக்கட்டின் அடியில் நின்றார். "இதான்" என்றார். குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. காவலுக்கு நின்றது நம் தமிழ்ப் பையன்தான், பாடாங் செராய்க்காரனாம்.

"பாஸ் இல்லாம உள்ள போக முடியாதுலா பாட்டி," என்றான் தன்மையாக.

அம்மா கோபப்படவில்லை. இடது காலைச் சற்றே முன்னால் வைத்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"என் வெரலு உள்ளதான்பா இருக்கு. அதுகிட்ட யாரும் பாஸ் கேக்கலியே."

அவனுக்குப் புரியவில்லை. குனிந்து அம்மாவின் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் செருப்பைப் பார்த்தான். கயிற்றின் கொக்கியை மட்டும் கையால் பிடித்தபடியே நின்றான்.