படிக்கட்டை மாற்றச் சொன்னவர் யார்?

தனலெட்சுமி காலமான செய்தி வாட்சாப்பில் வந்தது. அனுப்பியவர் எங்கள் தமிழ்ப்பள்ளிக் கட்டடக் குழுத் தலைவர். ‘அயராத உழைப்பாளி, ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று எழுதியிருந்தார். எரிச்சலில் கைப்பேசியை நாற்காலியில் எறிந்தேன். அந்த உழைப்பாளியை வேலையை விட்டுத் துரத்தியவரே அவர்தான்.

கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, கட்டட மேற்பார்வையாளர் ஆனவர் தனலெட்சுமி. அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மேற்பார்வையில் எழவிருந்த பள்ளியின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் பிரமுகரை அழைத்து நாள் குறித்தோம். மண் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. “நாள் பாத்துட்டீங்க, மண்ணப் பாத்தீங்களா?” என்றார் தனலெட்சுமி. அபசகுனமாகப் பேசுகிறார் என்று தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலை, பந்தல், விருந்து எல்லாம் அமர்க்களமாக நடந்தன. பிறகுதான் தெரிந்தது, இந்தக் கரையோரச் சேற்று மண்ணில் நாங்கள் வரைந்த அடித்தளம் நிற்காது என்று. வரைபடம் பொறியாளரிடம் திரும்பிப் போனது. எட்டு மாதம் அடிக்கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்தது.

கட்டடம் ஏன் தாமதம் என்றால் மழை, சிமெண்டு விலை, ஆள் பற்றாக்குறை என்று அடுக்குவோம். நம் வாயை மட்டும் சொல்லமாட்டோம். தலைவருக்கு முகப்பில் வளைவு வேண்டும், இன்னொருவருக்கு மேடை. “எழுதிக் குடுங்க, செய்றேன்” என்பார் தனலெட்சுமி. ஒருவரும் எழுதவில்லை. குழுச் செயலாளரான நானோ, ஆசிரியர் அறை திடலைப் பார்த்து இருக்கட்டும், படிக்கட்டை அந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றேன்.

“சார், காகிதத்துல அழிக்க ரப்பர் போதும். இது கான்கிரீட் லா, உடைக்கணும். எழுதிக் குடுங்க.”

“நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து?”

தம் மகளுக்குப் பாடம் சொல்லித் தந்த வாத்தியார் என்று என்னை நம்பினார். உடைத்தார்கள்.

பிள்ளைகள் கண்டெய்னர் வகுப்பறையில் வெந்துகொண்டிருக்க, பணம் தீர்ந்து வேலை நின்றது. பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள்: படிக்கட்டை மாற்றச் சொன்னவர் யார்? தனலெட்சுமி என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பு எழுதுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். ‘மேற்பார்வையாளரின் கவனக்குறைவு’ என்று தலைவர் சொன்னார். அதை என் கையாலேயே எழுதினேன். அன்றோடு அவருக்கு வேலை போனது. அதன்பின் இந்த வட்டாரத்தில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

அன்று கிளம்பும்போது வாசலில் ஒன்றுதான் சொன்னார்: “நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார்.”

இப்போது, ஒருவழியாக எழுந்துவிட்ட புதிய கட்டடத்தில் அவர் படத்தை மாட்டப் போகிறார்களாம். எந்த முகத்தோடு? முதலில் கூட்டக் குறிப்பில் அந்த வரியை அடித்துவிடுங்கள். அங்கே என் பெயரை எழுதுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வாசலில் சொன்ன அந்த ஒரு வாக்கியம். மாற்றச் சொன்னவன் நான். சொல்லிவிட்டேன், தனலெட்சுமி. கேட்க நீங்கள் இல்லை.