கட்டிங் மாஸ்டர் பார்த்த முப்பத்திரண்டு

தி. நகரில் ஒரு தையற்கடையின் கம்ப்யூட்டர் திரையில், நான் புரோகிராம் எழுதிக் கொடுத்த இரண்டு ஃபார்ம்கள் அருகருகே திறந்திருக்கும். இடப்பக்கம் வாடிக்கையாளர் பெயர், வலப்பக்கம் அவருடைய அளவுகள். பெயரை மாற்றினால் அளவும் தானாக மாற வேண்டும். அதை நம்பி அளவு ஃபார்மில் பெயர் போடாமல் விட்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் துணியில் கோடு போடுவார்.

ஒருநாள் பிரிண்டர் கோளாறைப் பார்க்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை மார்பில் பொருந்தவில்லை. புடவையோடு வந்த துணி, வேறு கிடைக்காது. முதலாளி எல்லோர் முன்பும் ஃபார்மைத் திறந்தார். முப்பத்தாறு என்றிருந்தது.

“இன்னாத்த பார்த்து வெட்ன பாய்?”

“முப்பத்திரண்டுன்னுதான் மொதலாளி இருந்துச்சு.”

“அப்ப பொட்டி பொய் சொல்லுதா? கண்ணாடிய மாத்து.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

எனக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. அளவு ஃபார்மை மூடாமல் அடுத்த பெயருக்குப் போனால், அது முந்தையவரின் அளவிலேயே நின்றது. மாஸ்டர் வேறொரு பெண்ணின் அளவைப் பார்த்து வெட்டியிருக்கிறார். முதலாளி புதிதாகத் திறந்ததால் அவருக்குச் சரியான எண் வந்தது. என் புரோகிராமில் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடையாறில் முதலாளி திறக்கவிருந்த இரண்டாவது கடையின் வேலை எனக்கு வர வேண்டியிருந்தது. அன்றைய நாட்குறிப்பில் ‘ஃபார்ம் இணைப்பு சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் ஏதும் இல்லை.

அடுத்த வாரம் மாஸ்டர் தாமாகவே கத்தரிக்கோலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கொக்கி தைக்கும் மூலைக்குப் போய்விட்டார்.

இத்தனை வருடங்களில் எவரெவரோ விட்ட அதே ஒற்றை வரியை எத்தனையோ புரோகிராம்களில் சேர்த்துச் சலித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணாடி துடைக்கும் கை நினைவுக்கு வந்தது. போன மாதம் சைதாப்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நான் பார்த்தது முப்பத்திரண்டுதானா சார்?”

“ஆமாம் பாய்.”

அவர் உள்பக்கம் திரும்பினார். “கேட்டியா? என் கண்ணு சரியாத்தான் இருந்துச்சாம். சார் சொல்றாரு.”

வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஆனால் உள்ளேயிருந்து அவர் மனைவி, எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே கேட்டார்:

“இத இப்பத்தான் வந்து சொல்றாரா?”