காயாத கைகள்

1954, சித்திரை மாதம். ஆமத்தூருக்கு மேற்கே ஒரு தோட்டக் கிணறு. பிற்பகலில் என் தம்பி குதித்தான், வயது பதினான்கு. நீருக்கடியில் கருவேலமுள் கட்டு கிடந்தது. மாலையில் உடலை எடுத்தார்கள். முள்கட்டு மிதக்காதபடி அதில் ஒரு கல் கட்டப்பட்டிருந்தது.

எங்கள் ஊரில் விடலைகள் கூடக் கிணற்றை விட்டால் வேறு இடமில்லை. டீக்கடை பெஞ்சு பெரியவர்களுக்கு; கோயில் மண்டபம் சீட்டாடுபவர்களுக்கு. வீட்டில் இருந்தாலோ, மருந்தில் தோய்ப்பதற்காகத் தீக்குச்சிகளை மரச்சட்டமான கட்டையில் அடுக்க உட்கார்த்திவிடுவார்கள். சாத்தூர்க் கம்பெனிக்காக அந்த வேலையை வீடுதோறும் கொடுத்துவந்தவர் கிணற்றுக்குச் சொந்தக்காரரேதான். ஈரம் பட்ட குச்சியில் மருந்து பிடிக்காது. ஆகவே ஈரக் கையோடு வருபவனை யாரும் கட்டையின் அருகே விடுவதில்லை. விடுமுறை முழுதும் நாங்கள் கைகளைக் காயவிடவில்லை.

"ஏலே, மேல வாங்கலே! லோடு நிக்குது" என்று அவர் மேட்டிலிருந்து கத்துவார்.

"கை ஈரமா இருக்கு பெரியப்பா. காஞ்சதும் வாரோம்" என்பான் தம்பி. சொல்லிவிட்டு மூழ்குவான்.

"தவளைக்குப் பொறந்த பயலுகளா!"

கிணறு முழுக்கச் சிரிப்பு எதிரொலிக்கும். அதை நிறுத்தவே முள் இறங்கியது. ஊர்க் கூட்டத்தில் அவர், "காத்துல விழுந்திருக்கும்" என்றார். காற்று கல்லையும் கட்டுமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுநாள் கேட்டவர் வீட்டுக்குக் கட்டை வந்திராது.

1968இல் நான் மதுரையில் கல்லூரி ஆசிரியன். மாணவர் சேர்க்கை என் பொறுப்பில் இருந்தது. கிணற்றுக்காரர் தம் மகனுக்கு இடம் கேட்டு அவனோடு வந்தார்.

"மார்க்கு கொஞ்சம் கொறைச்சல். நீங்க மனசு வச்சா சீட்டு கெடைக்கும், தம்பி."

"முள்ளைப் போட்டது யாருன்னு ஊர்க் கூட்டத்துல சொல்லுங்க பெரியப்பா. மறுநாளே சேத்துக்கிடுறேன்."

"எம்புட்டு வருசமாச்சு! இன்னமுமா அதை நெனச்சுக்கிட்டு இருக்கீக?"

காபி வரவழைத்தேன். தொடாமல் எழுந்தார். அந்த இடத்தை அவ்வாண்டு முழுதும் காலியாகவே வைத்திருந்தேன். அந்தப் பையன் ஒரு குற்றமும் செய்யாதவன். என் தம்பியும் அப்படித்தான்.

அவர் சொல்லாமலே இறந்தார்.

இன்னும் செய்யாதவை:

முள்கட்டிலிருந்து அவிழ்த்து நான் பாதுகாத்துவரும் கல்லை அவர் வீட்டு வாசலில் வைப்பது.

அவர் சொல்லாததை அவர் மகன் வாயால் ஊரார் முன் சொல்லவைப்பது.

சமாதானம் பேச அம்மகன் அனுப்பிய ஆளுக்குப் பதில் சொல்வது. அந்த ஆள் காலையிலிருந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.