முதல் மிடறு

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்காக மத்தியானம் முதல் நிற்கிறோம். பக்கத்தில் நிற்பவர் சோடாவை உடைத்து முதல் மிடறைக் கீழே ஊற்றுகிறார். நா வறண்டு நிற்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

"ஏன் அண்ணை ஊத்துறியள்?"

"கனடாவுக்கு எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன், தென்னமெரிக்காவிலை அந்தீஸ் மலையிலை விட்டிட்டு ஓடிட்டான். உருளைக்கிழங்குப் பயிர் செய்யிற மலைச்சனம்தான் எட்டு மாசம் வைச்சுப் பாத்தது. நிலம் தாயாம். அதுக்குக் குடுக்காமல் அந்தச் சனம் ஒரு வாய் குடிக்காது."

"உங்கடை வீட்டு முத்தத்திலை ஊத்தலாமே?"

"என்ரை வீடு வளவு இப்ப ஆமிக் காம்ப். கிட்டப் போக ஏலாது. அக்கா வீட்டிலை ஒட்டிக்கொண்டு இருக்கிறன்."

குனிந்து பார்க்கிறேன். நாங்கள் நிற்பது சீமெந்து மேடை. ஊற்றிய சோடா ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் நுரைத்துக்கொண்டு கிடக்கிறது.