சத்தம் போடாத பெட்டி

குரங்கணிக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் முதலில் எனக்குக் கண் இருட்டியது. எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பசி மயக்கம் என்று விட்டுவிட்டேன். மறுபடி மறுபடி விழவும் ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

ஹார்ட் பிளாக் (துடிக்கச் சொல்லும் மின்சாரம் இதயத்தின் கீழறைக்குப் போய்ச் சேராத கோளாறு) என்றார் டாக்டர். பேஸ்மேக்கர் (நாடி குறைந்தால் இதயத்தைத் தட்டிவிடும் சிறு மின்பெட்டி) வைக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் போடியில் யாரும் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதில்லை.

"மெசினா மாறித்தான் உசுரோட இருக்கணுமாக்கும்? எனக்கு வேணாம்" என்றேன்.

என் மருமகள் செல்விக்கு வாரப் பத்திரிகையில் வரும் விஞ்ஞானக் கதை என்றால் உயிர். வேலையற்றவர்கள் எழுதுவது என்று நான் கரித்துக்கொட்டாத நாளில்லை. ஆஸ்பத்திரியில் வேறு போக்கில்லாமல் அவள் வாசித்ததைக் கேட்டேன். நெஞ்சில் எந்திரம் வைத்த ஒருவன் வேறொரு கிரகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் மழை பெய்ததா என்று கேட்டு அழுகிறான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"இவன் மனுசன் இல்லையாத்தே?" என்றாள் செல்வி.

மறுநாள் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

வீடு திரும்பியதும் ஒரு கூத்து நடந்தது. நன்றாகக் காய்ந்த ஏலக்காயைக் குலுக்கினால் உள்ளே அரிசி (ஏல விதை) கலகலக்கும். சத்தம் வராத காயை நாங்கள் நம்புவதில்லை. கதையில் வந்தவன் நெஞ்சிலிருந்த எந்திரமும் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அதனால் செல்வியை என் நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஒங்க நெஞ்சு அடிக்குதத்தே. பெட்டிச் சத்தந்தான் ஒண்ணுங் கேக்கல."

பேட்டரி செத்துவிட்டது, நானும் தொலைந்தேன் என்று அலறினேன். "ஜீப்பக் கொண்டாங்கடா, வெரசா!"

மதுரையில் டாக்டர் சோதித்துவிட்டுச் சிரித்தார். "நல்லா வேலை செய்யுதும்மா. அது சத்தமே போடாது."

இந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றும் கேட்காது. பயப்பட வேண்டாம். கொஞ்ச நாள் தோள் பக்கம் கனமாக இருக்கும், பிறகு மறந்தே போகும்.

கதை எழுதியவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டதில் அப்படியொரு பெருமை. அதன் பிறகு பத்திரிகை வந்தால் செல்விக்கு முன்னால் நான் எடுத்துவிடுவேன். தோட்டத்துக்கும் பழையபடி நடந்தே ஏறினேன்.

ஒருநாள் இரண்டாயிரமாவது வருடத்தில் நடக்கும் கதை ஒன்று வந்தது. முன்பென்றால், அதையெல்லாம் யார் காணப்போகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

"அப்ப நான் இருப்பேன்டி" என்றேன் செல்வியிடம். "இவரு எழுதினது சரியான்னு பாத்துச் சொல்றேன்."